மாலுமியின் நொட்டாங்கை

சந்தேகம் எனக்கு அப்பா வழியில் வந்தது. அப்பா காரைக்குடியில் ஒரு மில்லில் டைம்கீப்பராக இருந்தார். ஆட்கள் உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் பார்த்துக்கொண்டே இருபது வருஷம் உட்கார்ந்தவர். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடாது. பால்காரர் வந்தால் பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். தபால் வந்தால் முதலில் உறையின் ஒட்டைத்தான் பார்ப்பார், யாராவது பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று. அவருக்குப் பிறந்த நாலு பேரில் இந்தக் குணம் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தது எனக்குத்தான். "ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன்" என்று யாராவது சொன்னால், வேறு எதற்கு வந்திருப்பார் என்று என் புத்தி தேட ஆரம்பித்துவிடும். இதனால் லாபமும் உண்டு. எந்தக் கடைக்காரரும் என்னை ஏமாற்றியதில்லை. நஷ்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு படக்கதைக்காக என் ஒரே சிநேகிதியைக் களவாணி என்று சொன்னேன்.

அறுபதுகளில் ஒரு வார இதழின் நடுப்பக்கங்கள் இரண்டிலும் அந்தப் படக்கதை வந்துகொண்டிருந்தது. அதன் நாயகன் ஒரு கப்பல்காரன். கதையில் அவனுக்குப் பெயர் இருந்தது, ஆனால் நானும் என் சிநேகிதியும் மாலுமி என்றே சொல்வோம். ஒரு கதை முடிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். முடிந்ததும் கொஞ்ச நாளில் அடுத்ததைத் தொடங்குவார்கள். இப்படி நாலு கதை வந்தது. முதல் கதையை எழுத்துக் கூட்டிப் படித்தோம். நாலாவது கதை வரும்போது எட்டாம் வகுப்பில் இருந்தோம். அந்த நாலாவது கதையில் மாலுமியின் கப்பல் பனிமூட்டத்துக்குள் போயிற்று. அடுத்த வாரம் அந்த இரண்டு பக்கங்களில் ஒரு சமையல் குறிப்பும் ஒரு எண்ணெய் விளம்பரமும் இருந்தன. முற்றும் என்றுகூடப் போடவில்லை. மூன்று வருஷம் ஒரு தகவலும் இல்லை.

இதழ் வாங்கியது அவள் வீட்டில்தான். அவள் அத்தா பினாங்கில் இருந்தார். வீட்டுப் பொறுப்பெல்லாம் அண்ணனுடையது. பேருந்து நிலையத்துப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த அந்த அண்ணனுக்கு வாரா வாரம் இதழ் வாங்கும் பழக்கம் இருந்தது. என் அப்பா கதைப் புத்தகம் வாங்கமாட்டார். அச்சில் வருவதில் பாதி பொய், மீதி விளம்பரம் என்பது அவர் கட்சி. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தெருவைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். தரையில் இதழை விரித்துப் போட்டு இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டு படிப்போம். அவள் ஒரே மூச்சில் கடைசிப் படம் வரைக்கும் ஓடிவிடுவாள். நான் ஒவ்வொரு கட்டமாக, மாலுமியின் சட்டைப் பித்தான்களைக்கூட எண்ணிக்கொண்டு போவேன். "ஏ புள்ள, ஒங்க அப்பா மில்லுக் கேட்டுல நிக்கிற மாதிரி பாக்குறியே" என்று அவள் கேலி செய்வாள்.

வீட்டில் எல்லாரும் படித்து முடித்த இதழிலிருந்து நடுப்பக்கங்களை மட்டும் பின்னைக் கழற்றி எடுத்து வைப்போம். அந்தக் காலத்தில் தொடர்கதை படிக்கிற வீடுகளில் எல்லாம் இந்த வழக்கம் இருந்தது. நாலு கதையும் சேர்ந்ததும் பைண்டரிடம் கொடுத்தோம். அவர் ஆபீஸ் ரிஜிஸ்டர்களுக்கு அட்டை போடுகிறவர். எங்கள் மாலுமிக்கும் அதே கறுப்புக் காலிகோத் துணி முதுகைப் போட்டு, ஓரத்தை வெட்டுகிறேன் பேர்வழி என்று சில இடங்களில் வசனத்தின் தலையையும் வெட்டிக் கொடுத்தார். பக்கங்கள் அவளுடையவை, பைண்டு செலவு என்னுடையது. அதனால் புத்தகம் ஒரு மாதம் அவள் வீட்டில், ஒரு மாதம் என் வீட்டில் என்று பேச்சு. மாதம் பிறந்தால் மறக்காமல் போய் வாங்கி வருகிறவள் நான்தான். வாங்கியதும் அவள் எதிரிலேயே பக்கங்களைச் சரிபார்ப்பேன். அவள் அதற்கு ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

இங்கே என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பிறவியிலேயே நொட்டாங்கைதான் முந்தும். இடது கையில் சோற்றை எடுத்ததற்கு அம்மாவிடம் அடி, இடது கையில் பலப்பம் பிடித்ததற்கு டீச்சரிடம் அடி. அந்த டீச்சர் ஸ்கேலைப் படுக்கையாகப் பிடிக்கமாட்டார், முனையைத் திருப்பி விரல் முட்டியில் போடுவார். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் வலது கையால் எழுதப் பழகிவிட்டேன். என் எழுத்து இன்றைக்கும் யாரோ என் கையைப் பிடித்து எழுதியது மாதிரிதான் இருக்கும். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாற என்னை விடமாட்டார்கள். "அது நொட்டாங்கைச் சனியன், மறந்து அந்தக் கையால வச்சுருச்சுன்னா?" என்று பெரியம்மா எல்லார் முன்னாலும் சொல்லுவார். சிரித்துக்கொண்டே நிற்பேன்.

தையல் வகுப்பில்தான் எனக்கு விடுதலை. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டு விடுமுறையில் நாங்கள் இருவரும் ஒரு டீச்சர் வீட்டில் பூவேலை படிக்கப் போனோம். அவர் என் இடது கையைப் பார்த்துவிட்டு, "ஊசிக்கு எந்தக் கைன்னு தெரியுமா? தையல் ஒழுங்கா விழுந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படத்தைத் துணிக்கு மாற்றும் முறையையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மெல்லிய எண்ணெய்த்தாளைப் படத்தின்மேல் வைத்து, ஈரம் பட்டால் ஊதா மையாகிவிடும் காப்பியிங் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். பிறகு ஈரத்துணியின்மேல் அந்தத் தாளைக் கவிழ்த்துப் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். ஊதாக் கோடு துணியில் இறங்கிவிடும். வகுப்பில் ஒரு பெண் இப்படித்தான் திரைச்சீலையில் "நல்வரவு" என்று மாற்றினாள். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழுந்தது. கவிழ்த்துப் போடுவதால் இடம் வலம் மாறும், எழுத்து என்றால் முதலிலேயே திருப்பி எழுதிக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் சொன்னார். அந்தப் பெண்ணைப் பார்த்து வகுப்பிலேயே அதிகமாகச் சிரித்தது நான்.

அந்த மாதம் புத்தகம் என் முறை. நாலாவது கதையின் கடைசிப் பக்கத்தில், பனிமூட்டத்துக்கு முன்னால், கப்பலின் முனையில் நின்று மாலுமி விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் படம் ஒன்று உண்டு. அதை எண்ணெய்த்தாளில் எடுத்தேன். அதற்குள் மாதம் முடிந்து புத்தகம் அவள் வீட்டுக்குப் போய்விட்டது. நான் துணியில் தாளைக் கவிழ்த்துத் தேய்த்து, ஒன்றரை மாதம் உட்கார்ந்து தைத்தேன். உருவத்துக்குக் காம்புத் தையல், அலைகளுக்குச் சங்கிலித் தையல். "யாருடி இந்த ஆம்பள?" என்று அம்மா கேட்டபோது, "வகுப்புல குடுத்த படம்" என்று சொல்லித் தப்பித்தேன். ரேடியோவின்மேல் போட அளவு சரியாக இருந்தது. விரித்துப் போட்டுவிட்டு எட்ட நின்று பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மாலுமி விளக்கை இடது கையில் பிடித்திருந்தான்.

இத்தனை வருஷம் இதைக் கவனிக்காமல் போனேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பித்தானை எல்லாம் எண்ணினேன், கையைப் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? புயலில் சுக்கான் பிடிப்பவன், கொள்ளைக்காரர்களை ஒற்றையாளாகச் சமாளிப்பவன், என்னைப்போல நொட்டாங்கைக்காரன். அவனை யாரும் ஸ்கேலால் அடிக்கவில்லை. தெருவைத் தாண்டி ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புடியா? நல்லாருக்குடி" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு நான் சாப்பிடும்போதும் படிக்கும்போதும் ரேடியோமேல் அவன் நின்றுகொண்டிருந்தான். புத்தகம் என் முறைக்கு வந்தபோதுகூட முதல் மூன்று கதைகளைத்தான் புரட்டினேன். அவற்றிலும் எனக்கு வேண்டியதைத்தான் பார்த்தேன் போலிருக்கிறது. கப்பல் தொலைந்த கடைசிக் கதையைத் திரும்பப் படிக்க மனசு வராது.

பத்தாம் வகுப்பும் போய், பள்ளிப் படிப்பே முடிந்து, இருவரும் வீட்டில் இருந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை அவள் தெருவிலேயே கூவிக்கொண்டு வந்தாள். இதழின் பின்னட்டையில் ஒரு கட்டம் கட்டிய அறிவிப்பு: மாலுமி மீண்டும் வருகிறான், புத்தம் புதிய சாகசம், அடுத்த வாரம் முதல். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அறிவிப்பைக் கையில் வாங்கியதும் என் புத்தி வேலையைத் தொடங்கிவிட்டது. படத்தில் கப்பல் மட்டும்தான் இருந்தது, ஆள் இல்லை. பழைய ஓவியர் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு மீன் போடுவார். இந்தக் கப்பலில் மீன் இல்லை.

"மீனக் காணோம் பாத்தியா?"

"வெளம்பரத்துக்கெல்லாமா மீன் போடுவாக? கப்பல் வந்துருச்சுடி. பனியிலேருந்து வெளிய வந்துருச்சு. அது போதாதா?"

"ஆளயே காட்டல. ஆள மாத்திட்டாக. அதான் மறைக்கிறாக."

"ஒனக்கு வாழ்க்கப்படப் போறவன் பாவம்டி" என்று சொல்லிவிட்டு அவள் அறிவிப்பைக் கத்தரிக்க உட்கார்ந்தாள்.

அந்த ஒரு வாரமும் நாங்கள் வேறு எதுவும் பேசவில்லை. மூன்று வருஷமாகக் கப்பல் எங்கே இருந்தது என்று எப்படிச் சொல்வார்கள்? கப்பலில் இருந்த சமையல்காரக் கிழவன் உயிரோடு இருப்பானா? இந்தத் தடவை பினாங்குத் துறைமுகம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் ஆசைப்பட்டாள். அத்தா இறங்கிய இடத்தைப் படத்திலாவது பார்க்கலாமே என்பாள். என் கவலைகள் வேறு. பழைய ஓவியர் இறந்துபோயிருப்பார். அல்லது சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பார். புதிதாக வந்தவன் மாலுமிக்குச் சினிமாக்காரர்போலச் சுருள்முடி வைப்பான். ஒரு பெண்ணைக் கப்பலில் ஏற்றிப் பாட்டுப் பாடவிடுவான். அவள் ஒரு நல்லது சொன்னால் நான் பதிலுக்கு இரண்டு கெட்டது சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதல் பக்கம், மேல் கட்டம். பனி விலக, கப்பலின் முனையில் மாலுமி விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்றான். முகம் அதே முகம். சட்டை அதே சட்டை. மூலையில் மீன்கூட இருந்தது. விளக்கு வலது கையில்.

அடுத்த கட்டம் பார்த்தேன், கயிற்றை வலது கையால் வீசினான். அதற்கடுத்த கட்டத்தில் வலது கையால் சாப்பிட்டான். "பாத்தியா, பாத்தியா!" என்று கத்தினேன். "மாத்திட்டாக. நொட்டாங்கை ஆகாதுன்னு எவனோ சொல்லி மாத்திட்டாக. மீனப் போட்டு ஏமாத்துறாக. மீன எவன் வேணாலும் போடலாம்!"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கென்னமோ முன்னாடியும் சோத்தாங்கைன்னுதான் ஞாபகம்டி."

"ஒனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நீ என்னைக்குப் படத்தப் பாத்த? ஓடி ஓடிக் கடைசிக் கட்டத்தத்தான் பாப்ப. புத்தகத்த எடு."

புத்தகம் அப்போது அவள் முறை. அவள் முகம் சுருங்கியது. நாச்சியாபுரத்தில் இருக்கும் மாமி மகள் விருந்துக்கு வந்தபோது கேட்டு அழுதாளாம், கொடுத்துவிட்டாளாம். அடுத்த வாரம் அண்ணன் அங்குட்டுப் போகும்போது வாங்கிவந்துவிடுவாராம். எனக்குத் தெரியாமல் புத்தகம் ஊர் தாண்டிப் போயிருக்கிறது என்பதே எனக்குத் திக்கென்றது. அன்றைக்கே இதழுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பழைய ஓவியரை நீக்கிவிட்டு வாசகர்களை ஏமாற்றுகிறீர்கள், இடது கைக்காரனான மாலுமியை வலது கைக்காரன் ஆக்கியதே அதற்குச் சாட்சி என்று இரண்டு பக்கம். நீயும் கையெழுத்துப் போடு என்று அவளிடம் நீட்டினேன்.

"புத்தகம் வரட்டும்டி. பாத்துட்டு எழுதுவோமே" என்றாள் அவள்.

"அப்ப என்னய நம்பல?"

"ஒன்னய நம்பாம இல்லடி. பாத்துட்டா நல்லதுன்னு சொன்னேன்."

நான் மட்டும் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

அடுத்த வாரம் போனபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் நாச்சியாபுரம் போய்வந்தாராம். புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டதாம், ஒரு பக்கம்கூடத் தேறவில்லையாம். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் நம்பியிருப்பேனோ என்னவோ. அவள் மேலே ஒன்று சொன்னாள். "யோசிச்சுப் பாத்தேன்டி. நீ சொன்னதுதான் சரி. நொட்டாங்கைதான். எனக்கும் இப்ப ஞாபகம் வருது."

எனக்குள்ளே டைம்கீப்பர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். போன வாரம் வலது கை என்றவள் இந்த வாரம் இடது கை என்கிறாள். போன வாரம் மாமி மகள், இந்த வாரம் கரையான். புத்தகத்தை விற்றுவிட்டாளா? தொலைத்துவிட்டாளா? புதுக் கதை வரவும் பழசுக்கு மவுசு வந்துவிட்டது என்று தனக்கே வைத்துக்கொண்டாளா? ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பக்கம் பேசினால் நான் சந்தேகப்படமாட்டேன் என்று நினைத்திருக்கிறாள், என்னை அவ்வளவு சுலபமாக எடைபோட்டிருக்கிறாள் என்பதுதான் அதிகமாக வலித்தது.

பத்து நாள் கழித்து இதழிலிருந்து ஒரு கார்டு வந்தது. அப்பா இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். இரண்டே வரி. படங்களை வரைபவர் முன்பு வரைந்தவரேதான், தங்களிடம் பழைய இதழ்கள் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது. கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு மீன். யாராக இருந்தாலும் நெகிழ்ந்துபோயிருப்பார்கள். அதுவும் போலி மீன் என்று நான் முடிவுகட்டினேன். கார்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லிருக்காக. எங்கடி புத்தகம்?"

"அதான் கரையான்னு சொன்னேன்ல."

"அரிச்சதுபோக அட்டையாவது இருக்கும்ல? அதக் காட்டு."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா வந்து வாசலில் நின்றார். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். "புத்தகம் இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு. வச்சுக்கிட்டே இல்லைங்கிற. பைண்டு போட்டது நான். நீ களவாணி" என்று சொன்னேன். அவள் அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "போடி, வீட்டுக்குப் போ" என்று மெதுவாகச் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தப்புச் செய்தவளுக்குத்தான் கோபம் வராது என்று அதையும் நான் அவளுக்கு எதிராக எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் நாங்கள் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் நான் கொப்புடையம்மன் கோயில் பக்கமாகத் திரும்பிவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் என்ன செய்வது என்று தெரியாது. புதுக் கதை வந்துகொண்டேயிருந்தது. பேருந்து நிலையத்துக் கடையில் தொங்கும் இதழின் அட்டையைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. கப்பல் எங்கே போயிற்று, சமையல்காரக் கிழவன் இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. போலி மாலுமிக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டேன். அவள் நிக்காஹுக்கு அவள் அண்ணன் வந்து அழைத்தும் நான் போகவில்லை. அன்றைக்கு முழுக்க ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்து, அதன் மேலிருந்த மாலுமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் எனக்கு அரியக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். நகரத்தார் வீடுகளில் அது கண்காட்சிபோல நிறைந்து கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து எங்களைப் போன்ற வீடுகளிலும் இருப்பதைப் பரப்பிவிடுவோம். பித்தளையும் எவர்சில்வரும் ஒரு பாய்க்கு மேல் வராததால், நான் தைத்த துணிகளையெல்லாம் எடுத்து இடத்தை நிரப்பினார் அம்மா. ரேடியோத் துணியையும் துவைத்துத் தேய்த்து நடுவில் விரித்திருந்தார்.

ஊர்ப் பெண்கள் வந்து பார்த்தார்கள். அவர்களோடு அவளும் அவள் அம்மாவும் வந்தார்கள். அழைக்கப் போனது என் அம்மாதான், வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த மாதம் அவள் புருஷனோடு பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறாள் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் தூண் ஓரமாக நின்றாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி நின்றேன். எதற்கு வந்திருப்பாள் என்று வழக்கம்போல யோசித்தேன்.

பூவேலை செய்த துணி என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் முன்பக்கத்தைப் பார்த்து நம்பமாட்டார்கள். திருப்பிப் பார்ப்பார்கள். பின்பக்கத்தில் நூல் முடிச்சு எப்படி இருக்கிறது என்பதில்தான் பெண்ணின் கைச்சுத்தம் தெரியும் என்பார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி குனிந்து மாலுமியை எடுத்தார். "யாருக்குப் புள்ள கப்பல்காரரத் தச்சு வச்சுருக்கீக?" என்று சிரித்துக்கொண்டே துணியைத் திருப்பி, எல்லாரும் பார்க்கும்படி விரித்துப் போட்டார்.

நூல் முடிச்சுகளுக்கு நடுவே மாலுமி நின்றான். விளக்கு வலது கையில்.

ஈரத்துணியும் கரண்டியின் முதுகும் நினைவுக்கு வந்தன. திரும்பி விழுந்த "நல்வரவு" நினைவுக்கு வந்தது. ஊரில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டவள், என் கையால் நானே தைத்ததை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. தலையைத் தூக்கித் தூண் பக்கம் பார்த்தேன். அவள் அங்கே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பாயின் முன்னால் முட்டிபோட்டு, துணியை மறுபடி முன்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதான் ஆச்சி நல்ல பக்கம்" என்றாள். "இப்புடியே இருக்கட்டும்."

பெண்கள் எவர்சில்வர் பக்கம் நகர்ந்த பிறகு நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பத் தெரியும்?"

"நாச்சியாபுரத்துலேருந்து புத்தகம் வந்த அன்னிக்கே."

"கரையான்?"

"கரையானும் இல்ல, ஒண்ணும் இல்ல. அரிசிக் குதிருக்குப் பின்னாடி வச்சுருந்தேன். நீ சொன்னது நெசந்தான். வீட்டுக்குள்ளதான் இருந்துச்சு."

என் சந்தேகம் பலித்திருந்தது. வாழ்க்கையில் அதற்காக வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான். "காட்டிருக்கலாமேடி. களவாணின்னு சொன்னேனே. ஒங்க அம்மா முன்னாடி சொன்னேனே" என்றேன்.

அவள் மாலுமியின் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நீ ஓடியாந்து அவனும் நொட்டாங்கைடின்னு சொன்னப்ப ஒன் மூஞ்சியப் பாத்தேன்ல. அந்த மூஞ்சிட்டப் போயி இல்லன்னு எப்புடிடி காட்டுறது? என்னயக் களவாணின்னு நெனச்சாலும் பரவால்லன்னு விட்டுட்டேன்."

பேச்சை அவளே மாற்றினாள். புதுக் கதையையும் பைண்டு போட்டு வைத்திருக்கிறாளாம், இரண்டு புத்தகத்தையும் அண்ணனிடம் அரியக்குடிக்குக் கொடுத்தனுப்புகிறாளாம். சமையல்காரக் கிழவன் உயிரோடுதான் இருக்கிறானாம். பினாங்கு மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லையாம். பழசை நீயே கப்பலில் எடுத்துக்கொண்டு போ, புதுசை மட்டும் அனுப்பு என்றேன். பிறகு அது வந்ததும் படித்தேன். அதே ஓவியர்தான். இருந்தாலும் முன்பெல்லாம் அலைகளுக்கு மூன்று கோடு போடுவார், இதில் இரண்டுதான். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அவர்கள் புறப்படும் நேரம் வந்தது. கல்யாணப் பெண்ணான நானே எல்லாருக்கும் வெற்றிலை பாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் முறை வந்தபோது கண் மறைத்தது. வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெற்றிலையை நீட்டிவிட்டேன். நீட்டியது நொட்டாங்கை. "அடி பாவி" என்று பின்னால் பெரியம்மா பதறியது கேட்டது. கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஒரு நிமிஷம் என் கையைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.